மணிக்கட்டுப் பட்டை

தம்பியின் உடலருகே வேணி கல்லாகச் சமைந்து உட்கார்ந்திருந்தாள். மனச்சோர்விலிருந்து மீண்டு வருகிறவர்களுக்கு அரசாங்கம் மாட்டிவிடும் பட்டை அவள் மணிக்கட்டில் பச்சையாக மின்னியது. மனசு உடைந்தால் அது சிவக்கும். சிவந்தால் வண்டி வரும், மறுபடி வார்டுதான்.

“கூடப் பிறந்தவன் கிடக்கான், ஒரு சொட்டுக் கண்ணீர் வருதா பாரு,” என்றாள் அத்தை.

வேணி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவளுடைய மனநல ஆலோசகர் ரெஜினா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பட்டையைக் கழற்றித் தன் கையில் மாட்டிக்கொண்டார்.

“இப்ப அழும்மா.”

வேணி தம்பியின்மேல் விழுந்து கதறினாள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

“மாட்டுன உடனேயே சிவந்துருச்சு,” என்றார் ரெஜினா, மணிக்கட்டை முந்தானையால் மூடியபடி. “நீ அழுது முடி.”