அடிப்பிடித்த கூட்டு

மெஷின் பெல்ட்டுக்குள் போன கண்ணபிரானின் கை வெளியே வந்தபோது இரண்டு விரல்கள் இல்லை.

அலறல் கேட்டு எல்லோரும் ஓடினார்கள். வஞ்சுளவல்லி மட்டும் நூற்பு மெஷினை விட்டு நகரவில்லை. அறுந்த இழைகளை ஒட்டிக்கொண்டே இருந்தாள்.

இராஜபாளையத்துக்கு வெளியே புதிதாக வந்த மில் அது. வேலைக்குச் சேர்க்கும்போதே மேனேஜர் சொல்லியிருந்தார். ஓடுகிற மெஷினை விட்டுப் போகக் கூடாது. மெஷினில் நிற்கும் பெண்களுக்குக் கல்யாணமானால் அன்றோடு கணக்கு முடிந்தது.

"ஏட்டி, ஃபிட்டரண்ணன் ஃபிட்டரண்ணன்னு வாய் நெறையக் கூப்பிடுவியே! ஒரு எட்டுப் போய்ப் பாக்க மனசு வரலியா? நீ என்ன கல்லா?" என்றாள் கழிவுப் பஞ்சு கூட்டும் வெள்ளத்தாய்.

வல்லி திரும்பவில்லை.

அவளைத் தாண்டித்தான் கண்ணபிரானைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார்கள். கையில் சுற்றிய துண்டு நனைந்து சொட்டியது.

"ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தாக்கல் சொல்லி விடணும். வீட்டுல யாருப்பா இருக்கா?" என்று சூப்பர்வைசர் கேட்டார்.

"யாருமில்ல சார்."

தரையைப் பார்த்தபடி சொன்னான்.

வல்லியின் விரலில் இழை ஒட்டவில்லை. மறுபடி ஒட்டினாள்.

சாப்பாட்டு மணி அடித்தது. டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். சுரைக்காய்க் கூட்டு. காலையில் சிரிப்பும் பேச்சுமாக அடுப்பை மறந்ததில் அடிப்பிடித்துக் கருகியிருந்தது.

ஆண்கள் பக்கத்து அலமாரியில் கண்ணபிரானின் டப்பா தனியாக இருந்தது. வீணாகிற சோற்றை நாய்க்காவது வைக்கலாமே என்று வெள்ளத்தாய் அதை எடுத்துவந்து வல்லியின் பக்கத்தில் உட்கார்ந்து திறந்தாள்.

கருகல் வாசம் வந்தது.

சுரைக்காய்க் கூட்டு.

வெள்ளத்தாய் அந்த டப்பாவைப் பார்த்தாள். இந்த டப்பாவைப் பார்த்தாள்.

"எப்பட்டி கல்யாணம் ஆச்சு?" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில்.

"தையில."

"பாவி மக்கா... வவுத்துவலின்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுட்டி. நான் சமாளிச்சுக்கிடுதேன்."

வல்லி தலையசைத்து மறுத்தாள்.

"நீ யாருன்னு கேப்பாகளே, அக்கா. அவியளே யாருமில்லன்னு சொல்லிட்டாவ. நான் போய் என்னன்னு சொல்ல?"

மணி அடித்தது.

வல்லி கண்ணபிரானின் டப்பாவை அழுத்தி மூடினாள். ஆண்கள் பக்கத்து அலமாரியில் அது முன்பு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, மெஷினுக்குப் போனாள்.