என் சொந்த விருப்பத்தின் பேரில்

கடிதத்தில் இருந்தது அவள் பெயர். எழுதியது அவள் இல்லை.

‘ரயில்வேயில் எனக்குக் கிடைத்துள்ள உதவி லோகோ பைலட் பணியில் சேர எனக்கு விருப்பம் இல்லை. இதை என் சொந்த விருப்பத்தின் பேரில் தெரிவித்துக்கொள்கிறேன்.’

கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

தாய்மாமா பூமிநாதன் பேனாவைத் திறந்து அவள் பக்கம் நீட்டினார். அப்பா இறந்ததிலிருந்து அந்த வீட்டில் எதையும் முடிவு செய்வது அவர்தான்.

அவள் வாங்கவில்லை. இன்னொரு முறை படித்தாள்.

ஒரே வாரத்தில் இரண்டு வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. ஒன்று ரயில் இன்ஜினில். இன்னொன்று உள்ளூரிலேயே, மானாமதுரையில், மின்சார அலுவலகத்தில். வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதும் வேலை.

ரயில்வேக்கு நாளை கடைசி நாள். திருச்சிக்கு நேரில் போய்ச் சான்றிதழ்களைக் காட்ட வேண்டும்.

மாமா பொறுமையாகத்தான் பேசினார். இன்ஜின் வேலை என்றால் இரவு பகல் கிடையாது, பெண்பிள்ளைக்குச் சரிப்படாது என்றார். மின்சார அலுவலகம் என்றால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். தம்பி குணாளனும் அதே ரயில்வே தேர்வைத்தான் எழுதினான். காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறான். அவள் விலகினால் அந்த இடம் அவனுக்கு வரும். ஒரே வீட்டில் இரண்டு அரசு வேலை. கசக்குமா என்று கேட்டார்.

ஒவ்வொன்றுக்கும் அம்மா தலையாட்டினாள்.

குணாளன் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரை அணைந்திருந்தது.

அதுவரை அவளுக்குக் கோபம் வரவில்லை. மாமாவுக்கு விவரம் தெரியவில்லை என்றுதான் நினைத்தாள். பட்டியலில் குணாளன் நாற்பத்து மூன்றாவது ஆள் என்று எடுத்துச் சொன்னாள். தான் விட்டால் அந்த இடம் முதலில் இருப்பவனுக்குப் போகும். எந்த ஊர்க்காரனோ. நம் வீட்டுக்கு வராது.

மாமா ஆச்சரியப்படவில்லை.

அதைத்தான் அவள் கவனித்தாள்.

“தெரியும் தாயி. எவனுக்குப் போனா என்ன? தம்பி சும்மா திரியிறப்ப அக்காக்காரி ரயில் ஓட்டுனா, ஊருக்குள்ள அவன எவன் மதிப்பான்?”

அம்மா அதற்கும் தலையாட்டினாள்.

அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது.

இரண்டு வருடம். ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு அவளும் குணாளனும் படித்தார்கள். அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். அவன் தூங்கி விழும்போது முகம் கழுவிவிட்டு வரச் சொன்னவள் அவள். முடிவு வந்த அன்று, தன் எண்ணுக்கு முன்னால் அவன் எண்ணைத்தான் தேடினாள்.

அந்த இடம் யாரோ முகம் தெரியாதவனுக்குப் போகலாம். அவளிடம் இருக்கக் கூடாது.

எழுந்து அம்மாவிடம் பீரோ சாவி கேட்டாள்.

அம்மா மாமாவைப் பார்த்தாள்.

“அவர எதுக்குப் பாக்குற? சர்டிபிகேட்டு என்னோடது.”

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். ஆனால் அம்மாவின் கை தானாக இடுப்பில் செருகியிருந்த சாவிக்குப் போனது.

நீ வாசலைத் தாண்டினால் நான் இனி இந்த வீட்டில் கால் வைக்கமாட்டேன் என்றார் மாமா. கோப்புக்குள் சான்றிதழ்களை அடுக்கியபடியே அதைக் கேட்டாள். எல்லாம் இருக்கிறதா என்று ஒரு முறை எண்ணிப் பார்த்தாள்.

கையெழுத்தில்லாத கடிதம் அவள் எழுந்த நாற்காலியில் கிடந்தது.

குணாளன் ஸ்டேஷன் வரை பின்னாலேயே வந்தான். பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

நடைமேடையில் வெயில். திருச்சி ரயிலுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

“அக்கா, நீ கரண்ட் ஆபீசுக்குத்தானே போறேன்னு எங்கிட்ட சொன்ன?”

உண்மைதான்.

சனிக்கிழமை, மாடியில் துணி காயப்போடும்போது சொல்லியிருந்தாள். அவனிடம் மட்டும். நாலு நாள் யோசித்துத் தானாக எடுத்த முடிவு. அம்மாவுக்கு முழங்கால் வலி. தனக்கும் வேளைக்குத் தூக்கம் வேண்டும். இந்த ஊரின் தெருக்களும் அவளுக்குப் பிடிக்கும்.

“கையெழுத்துப் போட்டிருந்தா, நீ நெனச்சதுதானே நடந்திருக்கும்?”

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்துதான் அவன் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

“நான் நெனச்சது இல்லடா. அவரு எழுதுனது.”

அவனுக்கு அந்த வித்தியாசம் புரியவில்லை. அல்லது புரிந்திருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டான்.

ரயில் வந்தது. ஏறினாள். அவன் கையசைத்தானா என்று பார்க்கவில்லை.

சிவகங்கையில் ஒரு பெண்மணி ஏறி எதிரில் உட்கார்ந்தார். சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தார். மடியில் சான்றிதழ்க் கோப்பை அணைத்துக்கொண்டிருந்தவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எங்கிட்டு ஆத்தா போற? வேலைக்கா?”

ஆமாம் என்றாள். ரயில்வேயில் என்றாள்.

அந்த அம்மாவின் கண் விரிந்தது. பக்கத்தில் நகர்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“யாரு ஆத்தா சேத்துவிட்டது?”

ஜன்னலுக்கு வெளியே கருவேலங்காடு ஓடிக்கொண்டிருந்தது.

“எங்க தாய்மாமா” என்றாள்.