வகுபடாத நம்பர்

லேண்ட்லைனைக் கழற்ற வந்தவரிடம் கணக்கு வாத்தியார் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

“274863. இவ அப்பா காலத்து நம்பர். பார்த்தா பகா எண் மாதிரி இருக்கு, எதாலயும் வகுபடாதுன்னு இவகிட்ட சொன்னேன். தினம் ஒரு எண்ணால வகுத்துப் பார்த்துட்டு போன் பண்ணுவேன்.”

“இன்னிக்கு ஏழால வகுபடல, இன்னிக்குப் பதினொண்ணால வகுபடலன்னு ஒரே நச்சரிப்பு” என்றாள் மனைவி.

“தொண்ணூத்தேழு வந்தப்போ எங்க கல்யாணம் நிச்சயமாயிடுச்சு. கணக்கு அப்படியே நின்னுபோச்சு!”

வந்தவர் சிரித்தபடி போனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அது இருந்த மேஜையில் தூசி படாத சதுரம் ஒன்று மிச்சமிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

“சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. அந்த நம்பரோட இலக்கத்தையெல்லாம் கூட்டினா முப்பது. மூணால வகுபடும். மொத நாளே கண்டுபிடிச்சுட்டேன்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“சொன்னா மறுநாள் போன் வராதே!”

அவர் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

“கணக்கு வாத்தியார் நான், மூணை விட்டுட்டு நேரா ஏழுல ஆரம்பிச்சேனே… ஏன்னு ஒரு நாளாவது யோசிச்சியா?”