தாழி முழிக்க ஒரு பொய்

தருமனின் நீலச் சாயத் தாழி துணியில் சாயம் ஏற்றாமல் தூங்கி ஐந்து நாள் ஆகிவிட்டது.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர்களின் கொடி பறந்த காலம். கப்பல் கிளம்பப் பத்து நாள்தான் பாக்கி. அதில் ஏற்ற அவர்கள் கேட்ட துணி அதற்குள் நீலமாகாவிட்டால் சாயக்காரன் தருமனுக்குக் கோட்டைச் சிறை. முக்கி எடுத்த துணியோ அழுக்கு வெள்ளையில் பல்லிளித்தது.

"தம்பி, சுண்ணாம்பு சரியாத்தான் இருக்கு. தாழிக்குள்ள இருக்கிற உசுருங்களுக்குத்தான் பசி. தகரை விதையை வேகவெச்சு ஊத்தணும்."

சாயக் கொட்டகைக்கு வெளியே நின்று சொன்னவள் பவுனம்மாள். செத்துப்போன அண்ணனின் மனைவி.

"கை வெச்சா தோல் உரியற சுண்ணாம்புத் தண்ணியில இன்னா உசுரு இருக்கும்?"

"அதுங்களுக்கு அதான் வீடு. நல்ல தண்ணியில விட்டாத்தான் செத்துடும். உங்க அண்ணன் படுத்துக் கிடந்த ஆறு மாசமும் அதுங்களுக்குத் தீனி போட்டது யாருன்னு நினைச்சீங்க? நான்தான்."

"அதான் அண்ணன் பொழைக்கலை! பொம்பள நிழல் பட்டா தாழி கெடும். போங்க அண்ணி."

அன்றிலிருந்து கொட்டகை வாசலில் தருமனின் கூட்டாளி ரங்கனோடு சேர்த்து நாலு பேர் காவல். பெண்கள் உள்ளே போகாமல் பார்ப்பதுதான் வேலை. தாழியை யாரும் பார்க்கவில்லை.

சாயக்காரர்களிடம் ஒரு வைத்தியம் இருந்தது. தாழி தூங்கினால் ஊரில் ஒரு பொய்யைக் கிளப்ப வேண்டும். ஊர் நம்பிவிட்டால் தாழி முழித்துக்கொள்ளும். சிரிக்காதீர்கள், அப்படித்தான் நம்பினார்கள்.

ரங்கன் ஆரம்பித்தான். "நம்ம உப்பு ஏரித் தண்ணி தித்திக்குதாம்!"

ஒருத்தரும் போய்க் குடித்துப் பார்க்கவில்லை.

"சுண்ணாம்புக்குளத்துல ஒரு ஆடு தெலுங்கு பேசுதாம்!"

"அந்த ஊர்ல எல்லாருமே தெலுங்குதான். ஆடு வேற இன்னா பேசும்?" என்றார் ஊர்ப் பெரியவர் செங்கல்வராயன்.

தாழி அசையவில்லை.

மறுநாள் காலையில் வேறொரு சேதி வந்தது.

"பவுனம்மாள் வீட்டுல ஒல்லாந்துச் சிப்பாய் ஒருத்தன் ஒளிஞ்சிருக்கானாம்!"

இதை யாரும் ருசி பார்க்கவில்லை. அப்படியே முழுங்கினார்கள். காவல் நின்ற நாலு பேரும்தான் முதலில் ஓடினார்கள். பின்னாலேயே தருமன், கையில் கழியோடு.

"வெளியே வாடி!"

"கதவை உடைங்கடா!"

"நீ உடை. அவன்கிட்ட துப்பாக்கி இருந்தா?"

"தருமா, உன் வீட்டுப் பொம்பள. நீதான் முன்னாடி நிக்கணும்," என்றார் பெரியவர்.

"எனக்குத் தோள்ல சுளுக்கு, மாமா."

செங்கல்வராயன் தீர்ப்பே சொல்லிவிட்டார். "இவளை ஊரைவிட்டுத் துரத்தணும். ஆனா கண்ணால பார்க்காம துரத்தக் கூடாது." சொல்லிவிட்டு நல்ல இடமாகப் பார்த்துப் பாய் விரித்துக்கொண்டார்.

ஒரு நாள் இல்லை, மூன்று நாள். வலை ஏரிக்குப் போகவில்லை. கஞ்சிகூட அங்கேயே வந்தது. அந்தக் கதவை முறைத்த முறைப்பில் தச்சனுக்கே கூச்சம் வந்திருக்கும்.

நாலாம் நாள் காலை எப்படியோ வீரம் வந்துவிட்டது. ரங்கன் ஓர் உதை விட்டான். தாழ்ப்பாளே போடாத கதவு. உள்ளே போய்க் குப்புற விழுந்தான்.

வீடு காலி.

"ஓடிட்டா! அவனோட ஓடிட்டா!"

"எங்கேயும் ஓடலை," என்றாள் பின்னால் வந்து நின்ற ரங்கன் பெண்டாட்டி வசந்தா. "கொட்டகையில வந்து பாருங்க."

கொட்டகையில் பவுனம்மாள் நின்றிருந்தாள். முழங்கை வரை நீலம். அடுப்பில் தகரை விதை கொதித்துக்கொண்டிருந்தது. தாழியில் செம்பு நிறத்தில் நுரை. அவள் துணியை மேலே தூக்கினாள். பச்சையாக வந்த துணி, காற்றுப் பட்டதும் எல்லோர் கண்ணெதிரிலும் நீலமானது.

தருமன் மன்னிப்புக் கேட்பான் என்று நினைக்காதீர்கள். இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான்.

"பலிச்சிடுச்சு! பொய் பலிச்சிடுச்சு! இதைக் கட்டினவனுக்குக் கோயில்ல மாலை போடணும். யார்றா அந்த மகராசன்?"

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கு இவ சொன்னா," என்று ரங்கன் தன் பெண்டாட்டியைக் காட்டினான்.

"எனக்கு பவுனக்கா சொன்னாங்க. ஊரெல்லாம் சொல்லுன்னும் சொன்னாங்க," என்றாள் வசந்தா.

பவுனம்மாள் துணியைப் பிழிந்தாள்.

"வேற எதைச் சொல்லியிருந்தா, தம்பி, நீங்கள்லாம் மொத்தமா இந்தக் கொட்டகை வாசலை விட்டுப் போயிருப்பீங்க?"