உள்ளே இருப்பது தேவையில்லை

ஆதிலிடமிருந்து மறுபடியும் ஒரு பிழை அறிக்கை. ஃபர்ஹத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கட்டின பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை பேச நேரமில்லை. அவள் எழுதிய நிரலில் குற்றம் கண்டுபிடிக்க மட்டும் தம்மாமில் உட்கார்ந்துகொண்டு நேரம் கிடைக்கிறது மனுஷனுக்கு.

இருவருக்கும் ஒரே கம்பெனி. வண்ணார்பேட்டையில் அலுவலகம். அவள் எழுதுவாள், அவன் சோதித்துப் பார்ப்பான். நிக்காஹ் முடிந்த பிறகும் அப்படித்தான் ஓடியது. ஆறு மாதத்தில் வந்துவிடுவேன் என்று கம்பெனி வேலையாகச் சவுதிக்குப் போனவன், அவளை ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்காமல் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

அன்றைக்கே அவள் மேலப்பாளையத்தில் வாப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். இனிமேல் வேலையைத் தவிர நமக்குள் ஒரு பேச்சும் கிடையாது என்று போனில் சொன்னாள். கோபத்தில் சொன்னதுதான். இரண்டு நாளில் கெஞ்சிக்கொண்டு கூப்பிடுவான் என்று நினைத்தாள்.

அவன் கூப்பிடவே இல்லை. பிழை அறிக்கைகள்தான் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன.

நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்ததும் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசப்போகிறார்கள். அது எங்கே போய் முடியுமோ என்று கீழே உம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. தப்புதான் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஃபர்ஹத்தே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போயிருப்பாள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தாள்.

கரண்ட் போய், மேசைக்கடியில் யூபிஎஸ் கீச்சிட ஆரம்பித்தது. அதையும் திட்டிவிட்டு அறிக்கையைத் திறந்தாள்.

அவள் எழுதுவது டோக்கனைசர். ஒரு நிரலை எழுத்தெழுத்தாகப் படித்துத் துண்டு துண்டாகப் பிரிக்கும் பகுதி. மேற்கோள் குறி ஒன்று தொடங்கினால், அதன் ஜோடி வந்து மூடும்வரை உள்ளதெல்லாம் ஒரே துண்டு. உள்ளே என்ன எழுதியிருந்தாலும் அதற்குக் கவலையில்லை. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, அவ்வளவுதான்.

சொல்வதற்கு எளிது. மேற்கோளுக்குள் மேற்கோள் வரும்போதுதான் உயிர் போகும். உள்ளே இருக்கும் குறியை வெளிக்குறி என்று எண்ணி நடுவிலேயே மூடிவிட்டால், அதற்கப்புறம் வருகிற வரியெல்லாம் தலைகீழாகிவிடும்.

ஆதில் ஒவ்வொரு அறிக்கையோடும் அனுப்பும் சோதனை வரிகளெல்லாம் அந்த மாதிரிதான். குறிக்குள் குறி, அதற்குள் அடைப்புக்குறி, அதற்குள் இன்னொரு குறி. எந்தக் கிறுக்கன் இப்படி எழுதுவான் என்று ஒவ்வொரு தடவையும் முனகிக்கொண்டே சரிசெய்வாள்.

குறிகள் மட்டும் பளிச்சென்று தெரியட்டும் என்று, உள்ளே உள்ள எழுத்துகளைத் திரையில் வெறும் புள்ளிகளாகக் காட்டும்படி அவளே செய்து வைத்திருந்தாள். நேற்று வந்ததில் அந்தப் புள்ளிகள் வரிவரியாக நீண்டுகொண்டே போயின. அதையும் ஒரு வழியாகச் சரிசெய்துவிட்டு, எரிச்சல் தாங்காமல் அவனுக்கு எழுதினாள்: குறிகளுக்கு உள்ளே இருப்பது எனக்குத் தேவையில்லை. அதையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் குறிகளை மட்டும் அனுப்பவும்.

இன்று அப்படியே அனுப்பியிருந்தான். அதே குறிகள். நடுவில் ஒரு புள்ளிகூட இல்லை.

ஓட்டிப் பார்த்தாள். டோக்கனைசர் நடுவிலேயே உடைந்து நின்றது.

நேற்றையதை ஓட்டினாள். ஒழுங்காக ஓடியது. குறிகள் இரண்டிலும் ஒன்றுதான். அப்படியானால் உள்ளே இருந்ததில்தான் ஏதோ வித்தியாசம். சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டிய வேலை. தலையில் அடித்துக்கொண்டு, புள்ளி காட்டுவதை நிறுத்திவிட்டு, நேற்றையதைத் திறந்தாள்.

உள்ளே தமிழில் இருந்தது.

"எங்க உம்மாட்ட, 'ஃபர்ஹத் மேல தப்பில்ல, எம்மேலதான்'னு சொல்லிட்டேன். உம்மா, 'அத அவட்ட சொல்லுலே'ன்னாவ. நீ வேலையத் தவிர பேசக்கூடாதுன்னுட்ட. வெள்ளிக்கெழமைக்குள்ள நான் வந்துரட்டுமா?"

அதற்கு முந்தினதைத் திறந்தாள். போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்கக் கேட்டிருக்கிறானாம், மேலாளர் சரி என்றுவிட்டாராம். அதற்கும் முந்தினதில், ராத்திரி சாப்பாடு எதுவும் நாக்குக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு வரி. சண்டை போட்ட மறுநாள் வந்த அறிக்கையில், குறிக்குள் குறிக்குள் குறியாக, தப்புதான் புள்ள என்று இருந்தது.

அந்த அறிக்கைக்குக் கீழே அவள் எழுதிய பதிலும் இருந்தது. இந்த மாதிரி யாரும் எழுத மாட்டார்கள், நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று.

முதலில் கோபம்தான் வந்தது. சொல்ல வேண்டியதை வாயைத் திறந்து சொன்னால் என்ன, பாவி மனுஷன். வேலை மட்டும் என்று ஒருத்தி கோபத்தில் சொன்னால், அதை இப்படியா எழுத்துக்கு எழுத்து கேட்பது? பிறகு அழுகை வந்தது. அழுதுகொண்டே போனை எடுத்தாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். அவள் பேசுவதற்குள், ஆபீஸ் குரலில், இன்றைக்கு அனுப்பியதில் உள்ளே ஒன்றுமே வைக்கவில்லை, நன்றாகப் பார்த்துத் துடைத்துவிட்டுத்தான் அனுப்பினேன் என்று அவசர அவசரமாகச் சொன்னான்.

"டெஸ்டு கெடக்கட்டும் மச்சான்," என்றாள் ஃபர்ஹத். "கெளம்பி வாங்க."