குதிகால் பட்ட இடம்

மிதி. இன்னும் மிதி. கடவுளே, நிற்கவே நிற்காதா இது?

முன்னால் போன லாரியின் பின்பலகை கண்ணாடி முழுக்க வந்துவிட்டது. அவள் வலது காலை அடிவரைக்கும் அழுத்தினாள். குதிகால் தரையில் புதைந்தது, கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. மடியிலிருந்த கைப்பையை இரண்டு கைகளாலும் இறுக்கினாள். காரின் வேகம் மட்டும் குறையவில்லை.

ஒரு குலுக்கல். லாரி பின்னால் போயிருந்தது.

"அதான் ஒண்ணும் ஆகலையே! மூஞ்சி ஏன் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போச்சு?" கணவர் சிரித்தார். "பத்தொன்பது வருஷமா இதே பயந்தாங்கொள்ளித்தனம். நாளைக்கு மலை ஏறி இறங்கணும். நாற்பத்திரண்டு வளைவு. ஞாபகம் இருக்கில்ல?"

ஞாபகம் இல்லாமல் என்ன? ஒரு வாரமாகத் தூக்கத்தில்கூட அவள் கால் மிதித்துக்கொண்டுதான் இருந்தது. வருடா வருடம், பழைய கார்களின் அணிவகுப்புக்கு முந்தின நாள், 'இந்தத் தடவை வேண்டாமே' என்று வாயெடுப்பாள். "நீ இல்லாம நான் என்னைக்குப் போயிருக்கேன்?" என்பார் அவர். பொய்யில்லாத பாசத்தோடுதான் சொல்வார். அதற்கு மேல் என்ன பேசுவது? கொடுத்து வைத்தவள் என்று வேறு ஊரெல்லாம் பேச்சு.

குஷன் கடை வாசலில் கார் நின்றது. கரும்பச்சை நிறம், இரண்டே இருக்கை, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். அதிலிருந்து இறங்க வேண்டுமானால் முதலில் கால், அப்புறம் தலை, கடைசியில் மானம் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டும்.

கழுத்தில் அளவு நாடாவும் விரல்களில் காய்ந்த பசையுமாக ஒரு பெண் வந்தாள்.

"கடைக்காரர் இல்லையா?" என்றார் கணவர்.

"கடைக்காரர் வீட்டுல சமைச்சிட்டு இருக்கார். கடைக்காரி இருக்கேன், சொல்லுங்க சார்."

"உள்ள கார்ப்பெட் மொத்தமும் மாத்தணும். நாளைக்கு மார்க் போடறவங்க கதவைத் திறந்து குனிஞ்சு பார்ப்பாங்க. இவளுக்குக் காலைச் சும்மா வச்சிருக்கத் தெரியாது, ஓட்டையே போட்டு வச்சிருக்கா."

"ஓட்டறவங்க குதிகால் பட்டா தேயத்தான் செய்யும் சார். அந்த இடத்துல தடியா ஒரு ரப்பர் திண்டு வச்சுத் தைச்சிடலாம்."

அதற்குள் அவருடைய போன் அடித்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார். அவள் ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள்.

கடைக்காரி இருக்கைகளைக் கழற்றி வெளியே வைத்தாள். கதவோரத் தகடுகளை நெம்பினாள். பசை விட்டுப்போன கார்ப்பெட் துண்டு துண்டாகப் பிய்ந்து வந்தது.

"பழசுதான்க்கா அளவு. இதை வச்சுத்தான் புதுசை வெட்டணும்."

ஓட்டை விழுந்த துண்டைப் புதுக் கார்ப்பெட்டின் மேல் விரித்தாள். ஓரமெல்லாம் சாக்பீஸால் கோடு இழுத்தாள். கை போன வேகத்தில் ஓட்டைக்குள்ளும் ஒரு சுற்று சுற்றிவிட்டாள். பழையதைத் தூக்கியபோது, இன்னும் யார் காலும் படாத கார்ப்பெட்டில் ஒரு வெள்ளை வட்டம் இருந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அச்சு அசலாக அவள் குதிகால் அளவு. வண்டிக்குள் போகும் முன்பே அவள் காலுக்கு இடம் ஒதுக்கியாயிற்று. இன்னொரு பத்தொன்பது வருடம்.

கடைக்காரி பழைய துண்டைப் புரட்டினாள். தகரம் தெரிய நின்ற காரை எட்டிப் பார்த்தாள். மறுபடியும் துண்டைப் பார்த்தாள். வாசலில் போனில் சிரித்துக்கொண்டிருந்தவர் பக்கம் ஒரு பார்வையை ஓட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. ஓட்டற பக்கத்துத் துண்டு அதோ கிடக்கு, நல்லாத்தான் இருக்கு. இது பக்கத்து சீட்டுக்கு முன்னால இருந்தது. அந்தப் பக்கம் பிரேக்கே கிடையாதேக்கா?"

அவளுக்குக் காது சுட்டது. இத்தனை வருடத்தில் ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை.

"கிடையாது," என்றாள் மெதுவாக. "தெரியும்."

கடைக்காரி மேற்கொண்டு தோண்டவில்லை. ரப்பர் திண்டை எடுத்து வெள்ளை வட்டத்தின் மேல் பொருத்திப் பார்த்தாள். "அப்போ திண்டு இங்கதான் வைக்கணும்."

"தாராளமா வைங்க!" போனை முடித்துக்கொண்டு வந்த கணவர் குதூகலமாகச் சொன்னார். "இனிமே இவ எவ்வளவு மிதிச்சாலும் தாங்கணும். காலையில அஞ்சு மணிக்குக் கிளம்பறோம், என்ன?"

அவள் எழுந்து மேசையருகே வந்தாள். திண்டை நகர்த்தி ஓரமாக வைத்தாள். உள்ளங்கையால் தேய்த்தாள். இரண்டே தேய்ப்பில் வட்டம் போய்விட்டது.

"திண்டு வேண்டாம்மா," என்றாள் கடைக்காரியிடம். பிறகு கையில் ஒட்டிய வெள்ளையைத் தட்டிக்கொண்டே கணவர் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு நீங்க போயிட்டு வாங்க."