கிழக்குச் சரிவில் ஒரு மண்மேடு

பொய் சொல்ல வருகிறவர்கள் கொஞ்சமாவது கூச்சப்படுவார்கள். இந்த மனிதர் கையோடு ஒரு பெட்டி ஆப்பிளும் கொண்டு வந்திருந்தார்.

"அத முதல்ல வெளிய வைங்க," என்றாள் ஒக்சுன்.

மாவட்ட அலுவலகத்தில் சமாதிப் பிரிவு அவள் பொறுப்பு. புதிதாக வரும் சாலை மலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகிறது. வழியில் இருக்கும் சமாதிகளை வாரிசுகள் பெயர்த்து எடுத்துப் போனால் அரசாங்கம் நஷ்டஈடு தரும். அந்த அறிவிப்பு வந்ததிலிருந்து ஊரில் எல்லோருக்கும் முன்னோர் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"கிழக்குச் சரிவுல இருக்கிற சமாதி மேடு எங்க கொள்ளுத் தாத்தாவோடதுங்க மேடம்." பக்கத்து மாவட்டத்து ஆப்பிள் தோட்டக்காரர் குவாங்சிக், அறுபதைத் தாண்டியவர், பையிலிருந்து காகிதங்களை எடுத்துப் பரப்பினார். "பழைய குடிக்கணக்குல தாத்தா பேரு எங்க ஊர்ல திடீர்னு காணாமப் போயிடுது. ஓடிப்போயிட்டாருன்னு வீட்ல இன்னிக்கும் திட்டுவாங்க. எங்க வம்சாவளிப் புத்தகத்துல, 'மாமனார் ஊர், கிழக்குச் சரிவில் அடக்கம்'னு இருக்கு. எந்த மாமனார், எந்த ஊர்? கல்யாணப் பதிவு கிடைச்சப்புறம்தான் தெரிஞ்சுது. மனுஷன் இந்த ஊருக்கு வீட்டோட மாப்பிள்ளையா வந்திருக்காரு!"

"காகிதம் யாரு வேணா கொண்டு வரலாம். இத்தன வருஷமா எங்க போயிருந்தீங்க?"

"வருஷா வருஷம் முன்னோருக்குப் படைக்கிற சுசோக் பண்டிகைக்கு அரிவாளோட வந்து, சரிவு பூரா புல்லு வெட்டிப் பாத்தோம் மேடம். ஒரு மேடும் கண்ணுல படல. இந்த வருஷம் வந்தா ஜம்முனு நிக்குது! தாத்தாவே எழுந்து உக்காந்த மாதிரி."

ஒக்சுனுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. மேடு தானாக முளைத்ததாம்! கேட்கிறவள் காதில் என்ன பூவா வைத்திருக்கிறாள்? அந்த மேட்டுக்குள் இவருடைய தாத்தா இல்லை, யாருடைய தாத்தாவும் இல்லை. நஷ்டஈட்டுக்காகக் குவித்த வெறும் மண் அது. அதில் அவளுக்குத் துளிகூடச் சந்தேகம் கிடையாது.

"தோண்டிப் பாத்துடுவோம். உள்ள ஒண்ணும் இல்லைன்னா நேரா போலீஸ்தான். யோசிச்சுக்குங்க."

வழக்கமாக இந்த இடத்தில் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள், திரும்பி வருவதில்லை. குவாங்சிக்கின் முகமோ மலர்ந்தது.

"எப்ப தோண்டலாம் மேடம்?"

மறுநாள் காலை குடும்பத்தோடு வந்து இறங்கினார். அரிசி மது, காய்ந்த மீன், அவர் மனைவி சுட்ட பணியாரம் எல்லாம் மேட்டின் முன் வைத்து, இரண்டு முறை நெற்றி தரையில் படக் கும்பிட்டார்கள். ஒக்சுன் அவரைத் தனியே அழைத்தாள்.

"பெரியவரே, இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகல. மனுவக் கிழிச்சுப் போட்டுடறேன், பேசாம வீட்டுக்குப் போங்க. இந்த வயசுல ஜெயில் எதுக்கு?"

"தாத்தாவ விட்டுட்டா? கேட்பாரில்லாத எலும்புன்னு எரிச்சு எங்கயோ வெச்சுடுவீங்களாமே! படுக்கையில கிடக்கிற எங்கப்பா என்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான் மேடம்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நாடகத்தில் சேர்ந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆட்கள் மேட்டைச் சரித்தார்கள். பொலபொலவென்று மண்தான் கொட்டியது. தரை மட்டம் வந்தது. எதுவும் இல்லை. போனால் போகிறது, இந்தப் புளுகராவது மாட்டட்டும் என்று ஒக்சுன் போலீசைக் கூப்பிடக் கைபேசியை எடுத்தாள்.

"போதும், நிறுத்துங்க."

"இருங்கம்மா, கீழ மண்ணோட நிறம் மாறுது," என்றார் தோண்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்.

இன்னும் கொஞ்சம் சுரண்டினார்கள். கவிழ்த்து வைத்த சோற்றுக் கிண்ணம் ஒன்று வந்தது. அதையடுத்து, பழுப்பேறிய எலும்புகள். அடையாளத்துக்காகப் பெயர் எழுதிப் புதைக்கும் அந்தக் கால வழக்கப்படி, கிண்ணத்தின் உட்புறம் மையால் எழுதியிருந்த பெயரும் வம்சாவளிப் புத்தகத்தில் இருந்த பெயரும் ஒன்றுதான்.

குவாங்சிக் மண்ணில் விழுந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். ஒக்சுன் கைபேசியைப் பைக்குள் போட்டாள்.

"மேடம்," என்றார் அவர், கண்ணைத் துடைத்தபடி. "மழையில கரைஞ்சு தரையோட தரையா போயிருந்த எங்க தாத்தாவுக்கு இந்த மேட்ட யாரு எழுப்பினாங்கன்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க. அவங்க கால்ல விழணும்."

"யாரோ… புண்ணியவான்," என்றாள் ஒக்சுன்.

சாலைத் திட்டம் அலுவலகத்துக்கு வந்த கையோடு, தம்பி பெயரில் நஷ்டஈடு வாங்கிவிடலாம் என்று வெறுமையாகக் கிடந்த அந்தச் சரிவில் யாரும் பார்க்காதபடி மண்ணை வாரிக் குவித்த புண்ணியவதி அவளேதான்.